நர்சம்மாவின் கைநோட்டு

அத்திக்கண்டிகையில் ரத்னா கையால் ஊசி வாங்காத தொடை கிடையாது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பாதி கேலி என்றாலும் பாதி நிஜம். முப்பத்தேழு வருஷம் அந்த ஒரே துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்சாக இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றாள். ஓய்வு என்பது அரசாங்கம் சொன்னது. ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்குப் புண், இன்னொரு வீட்டில் மசக்கை என்றால் செருப்புகள் இன்னும் அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

இன்றைக்குக் கம்பெனிகளாக நிற்கிற பக்கத்து ஒரகடம், அவள் வேலைக்கு வந்த காலத்தில் ஒரு கூட்டுரோடும் இரண்டு டீக்கடையும்தான். வல்லக்கோட்டை முருகனுக்குக் கிருத்திகைக் கூட்டம் போகிற நாள் தவிர அந்தச் சாலையில் ஈ காக்கை இருக்காது. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஐஸ் பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வரப்பு வரப்பாகப் போய், நாற்று நட்டுக்கொண்டிருக்கிற பெண்களைக் கூப்பிட்டு, அவர்கள் இடுப்பிலிருக்கும் பிள்ளைக்கு ஊசி போடுவாள். ரத்னா காலனிக்காரி, மாதாகோயில் குடும்பம். ஊர்த் தெருவில் பிரசவம் என்றால் அவளை உள்ளறை வரை விடுவார்கள். பிள்ளையை வாங்கி, தொப்புள்கொடி அறுத்து, தாயையும் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வெளியே வந்தால், குடிக்கத் தண்ணீரை வாசலில் நிற்க வைத்துத் தூக்கி ஊற்றுவார்கள். அதே கைதான், அதே வீடுதான். இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது.

முதன்முதலில் சொம்பைக் கையில் கொடுத்தவள் அந்தத் தெரு பரசுராமன் பெண்சாதி மரகதம். "ஒங்கையில புள்ளய வாங்கிக்கலாம், எங்கையில சொம்ப குடுக்கக் கூடாதா? குந்து நர்சம்மா," என்றாளாம். ரத்னா அதை இன்றுவரை மறக்கவில்லை. மரகதத்தைப் பற்றி மறக்க முடியாத வேறொன்றும் அவளிடம் இருந்தது. அதைத்தான் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ரத்னாவுக்கு ஒரு பழக்கம். மேலே அனுப்புகிற பதிவேடு ஒன்று, தனக்கென்று கைநோட்டு ஒன்று. பதிவேடு மேலே இருப்பவர்களுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். இத்தனை ஊசி, இத்தனை குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன், மார்ச் மாதத்துக்குள் டார்கெட் முடிந்தது என்று. கைநோட்டில் நடந்ததை நடந்தபடி எழுதுவாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற நாற்பது பக்க நோட்டு. அந்தக் காலத்தில் நர்சுகள் பலரும் அப்படி ஒன்று வைத்திருந்தார்கள். மனசில் இருப்பதை எங்காவது இறக்கி வைக்க வேண்டாமா? ரிடையர் ஆன பிறகும் அவளுக்குக் கை நிற்கவில்லை. கணவர் யாக்கோபு காலமான பிறகு, அவருடைய தகரப்பெட்டி முழுக்க இந்த நோட்டுகள்தான்.

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு முற்பகல். ரத்னா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்டெய்னர் லாரி கிளப்பிய புழுதி முறத்துக் கீரையில் வந்து படிந்துகொண்டிருந்தது. பரசுராமனின் மருமகள் சுபஸ்ரீ வந்து எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து அவளும் ஆய ஆரம்பித்தாள். கேட்க வந்தவர்கள் சும்மா உட்காரமாட்டார்கள்.

"புதங்கெழம விசாரணைன்னு லெட்டர் வந்துகீது நர்சம்மா. ஸ்ரீபெரும்புதூரு தொழிலாளர் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வரச் சொல்லிகீறாங்க."

"போய்ட்டு வாங்க."

"போயி இன்னா சொல்றது? அவரு கை மிஷின்ல மாட்னதுக்கு சாட்சி இன்னான்னு கேப்பாங்களாம். லைன்ல இருந்த பசங்க எல்லாம் இந்திக்காரப் பசங்க. கான்ட்ராக்டரு அவனுங்கள வேற கம்பெனிக்கு மாத்திட்டான். வூட்லயே வெட்டிகினு வந்தாருன்னு கம்பெனி எழுதிக் குடுத்துகீது."

நடந்தது இதுதான். பிப்ரவரியில் ஒருநாள் சுபஸ்ரீயின் புருஷன் ஜீவானந்தத்தின் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியது. கம்பெனி கேட்டில் ஒரு பலகை உண்டு, விபத்தில்லாமல் கடந்த நாட்களின் எண்ணிக்கையைத் தினமும் மாற்றி எழுதுவார்கள். அன்றைக்கு அது இருநூற்றுத் தொண்ணூற்றாறு. முந்நூறு ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து கேடயம் கொடுப்பதாக இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அதனால் முதலுதவி அறையில் கட்டு மட்டும் போட்டு, சூப்பர்வைசரின் காரிலேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டரில், "வீட்டில் மட்டை வெட்டும்போது ஏற்பட்ட பழைய காயம், கட்டு மட்டும்" என்று ஏறியது. அதை ஏற்றிய நர்ஸ் ரத்னாவின் ஒரே மகள் ஷாரோன்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஜீவானந்தம் ரத்னாவிடம்தான் வந்தான். அவள் கட்டைப் பிரித்துப் பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று திட்டித் தீர்த்தாள். ரெண்டு நாள் வீட்டில் இரு, வேலை பத்திரமாக இருக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னதை நம்பி அவன் போகவில்லை. மூன்றாம் நாள் கை வீங்கிச் சீழ் வைத்தது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள். வேலையிடத்து விபத்து என்று நிரூபித்தால் ஆயுசுக்கும் உதவித்தொகை உண்டு. இல்லையென்றால் முப்பத்தெட்டு வயசில் எட்டு விரலோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"அன்னிக்கி நேரா உங்ககிட்டதான வந்தாரு," என்றாள் சுபஸ்ரீ. "நீங்க எல்லாத்தையும் நோட்டுல எழுதுவீங்களாமே. அத வந்து சொன்னீங்கன்னா…"

ரத்னாவின் விரல்கள் கீரையில் நின்றன. நோட்டு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

"ரிடையர் ஆனப்பறம் எழுதறதில்லம்மா," என்றாள். "அன்னிக்கி அவன் இன்னா சொன்னான்னும் எனக்கு ஞாபகம் இல்ல."

சுபஸ்ரீ கையிலிருந்த கொத்தை முழுசாக ஆய்ந்து முடித்து முறத்தில் வைத்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து ஷாரோன் வந்தாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்கு எடுத்துப் போகவில்லை.

"சுபாக்கா வந்துச்சாம்மா?"

"வந்தா."

"நீ இன்னா சொன்ன?"

"ஞாபகம் இல்லன்னு சொன்னேன்."

"பொய்யி."

"ஆமா, பொய்யிதான். நீ கம்ப்யூட்டர்ல ஏத்துனது மட்டும் இன்னா, வேத வாக்கா?"

ஷாரோன் தலையைக் குனிந்துகொண்டாள். "சேப்டி ஆபீசரு பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரும்மா. நீ டைப் பண்ணு, பின்னால பாத்துக்கலாம்னாரு. தெனம் இப்பிடித்தான், வெரல் நசுங்குனா தலவலின்னு போடச் சொல்லுவாங்க. ஜீவா அண்ணனோட வெரல் போவும்னு நா நெனைக்கவே இல்ல. நானே போயி சொல்லிடவா?"

"வாய மூடினு துன்னு. ஜூன்ல உன்ன பெர்மனன்ட் பண்றாங்க. இப்ப போயி நா பொய்யி எழுதுனேன்னு சொன்னா வேலயும் போவும், நர்சிங் கவுன்சில்ல உன் ரிஜிஸ்டர் நம்பரையும் புடுங்கிடுவாங்க. உங்கப்பா உன்ன நர்சிங் படிக்க வெக்க இன்னா பாடுபட்டாருன்னு தெரியுமா?"

"நீயா இப்பிடிப் பேசறம்மா?"

நான்தான் பேசுகிறேன் என்று ரத்னா சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னாலும் இந்த வாய் இப்படித்தான் மூடிக்கொண்டது என்றும் சொல்லவில்லை. எழுந்து போய்க் குழம்புச் சட்டியைக் கழுவினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஜீவானந்தத்துக்கு அவள்தான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மறுநாளும் போனாள். பொய் சொன்ன வீட்டுக்குள் டிரெஸ்ஸிங் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நுழைவது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு பரசுராமனிடம் மிச்சமிருப்பது அரைக்காணி. அதில் விடாமல் வேர்க்கடலை போடுவார். வருஷா வருஷம் பிடுங்கியதும் முதல் படி ரத்னா வீட்டுக்குத்தான் வரும். ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

"வா நர்சம்மா," என்றார் பரசுராமன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "வெயில்ல நடந்தா வந்த? யம்மா சுபா, மோரு குடு."

சுபஸ்ரீ மோர் கொண்டுவந்து வைத்தாள். முகம் கொடுக்கவில்லை. கோபம்கூடக் காட்டாமல் வைத்துவிட்டுப் போனாள், ரத்னாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஜீவானந்தம் கையை நீட்டினான். பழைய துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒட்டியிருந்ததை வலிக்காமல் பிரித்தாள். வெட்டிய இடத்தில் சதை சிவப்பாகக் கூடிக்கொண்டு வந்தது. நல்ல அறிகுறி. இல்லாத விரல் அரிக்கிறது என்றான். அப்படித்தான் இருக்கும், கொஞ்சநாளில் போகும் என்றாள்.

"நர்சம்மா, சுபா உன்னாண்ட வந்து கேட்டுச்சாமே," என்றான் மெதுவாக. "நா போவாதன்னுதான் சொன்னேன். ஷாரோன் பாப்பா வேலைக்கு ஆபத்து வரும்னா எனக்கு எதுவும் வேணாம், வுட்டுரு. எடது கையால கத்துக்கறேன். வாட்ச்மேன் வேலைக்கு வெரலா பாக்கறான்?"

ரத்னா பஞ்சை எடுத்தாள்.

"எங்கம்மா போனப்ப நீதான தூக்கினு ஓடுன. வேற யாரு ஓடுவாங்கன்னு நைனா இன்னிக்கும் சொல்லும்."

"சொல்லாம?" என்றார் வாசலிலிருந்து பரசுராமன். "நா அந்த வாரம் வெளியூரு போயிருந்தேன். மழ வருது, வண்டி போவாதுன்னு எல்லாரும் நின்னுகினு இருந்தானுங்க. வெசக் காச்சலு, ஒட்டிக்கும்னு ஒருத்தனும் கிட்ட வர்ல. இது ஒண்ணுதான் மடியில போட்டுகினு போச்சி. காச்சல்ல நெனவே இல்லாம போயிட்டா, இன்னா பண்றது. அவ போனதுக்கு நர்சம்மா மேல ஒரு கொறயும் இல்ல."

ரத்னா போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். கட்டி முடித்ததும் மோரைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தாள். அடியில் கிடந்த ஒரு நோட்டையும் மேலே இருந்த ஒரு நோட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். யூனிபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஷாரோன் பார்த்தாள்.

"நா புதங்கெழம போறேன்," என்றாள் ரத்னா.

"நீ போனா நா எழுதுனது பொய்யின்னு ஆயிடும்."

"ஆமாண்டி. ஆயிடும்."

ஷாரோன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிறகு பாதி தேய்த்த சட்டையை அப்படியே கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு இரண்டு நாளைக்கு அம்மாவோடு பேச்சில்லை.

புதன்கிழமை. எத்தனையோ புதன்கிழமை ஐஸ் பெட்டியோடு கிளம்பியவள் அன்றைக்கு மஞ்சள் பையோடு பஸ் ஏறினாள். பரசுராமனும் ஜீவானந்தமும் சுபஸ்ரீயும் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சுபஸ்ரீ எழுந்து நின்றாள். நகர்ந்து இடம் விட்டாள். எதிர்ப் பெஞ்சில் கம்பெனியின் எச்.ஆர். ஆள் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். "நீங்க யாரும்மா?" என்றார்.

"ரிடையர்டு கிராம நர்சு சார். சம்பவம் நடந்த அன்னிக்கி கட்டப் பிரிச்சிப் பாத்தவ."

"எதாவது ரெக்கார்டு இருக்கா?"

"கைநோட்டு இருக்கு."

"இது அபிஷியல் இல்லையேம்மா."

"இல்ல சார். அபிஷியல்ல எழுதறது வேற. இத நானே படிக்கிறேன், கேளுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய், மதியம் மூணு இருபது. ஜீவானந்தம், தகப்பன் பெயர் பரசுராமன். வலது கை, ஆள்காட்டி விரல், நடுவிரல். பிரஸ் மெஷினில் நசுங்கியது என்று சொன்னான். எலும்பு தெரிகிறது. விரலிடுக்கில் கறுப்பு கிரீஸ், இரும்புத் துகள். துகள் ஆறு எடுத்தேன், இன்னும் உள்ளே இருக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கம்பெனியில் கட்டுப் போட்டவள் ஷாரோன். கட்டு சரியாகத்தான் போட்டிருக்கிறாள்."

எச்.ஆர். ஆள் நிமிர்ந்தார். "சார், யார் வேணா வீட்ல உக்காந்து எழுதலாம்."

"மட்ட வெட்டுன காயத்துல கிரீஸ் எப்பிடி சார் வரும்?" என்று அவரையே கேட்டாள் ரத்னா.

அதிகாரி நோட்டை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று நாள் தவறாமல் ஊராருடைய காய்ச்சலும் கொப்புளமும் இருந்தன. "இந்த ஷாரோன் யாரு?"

"எம் பொண்ணு சார்."

"அவங்க ரிப்போர்ட்ல வீட்டுக் காயம்னுதானே இருக்கு?"

ரத்னா வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நாந்தான் சார் ஷாரோன். அத என்னிய எழுத வெச்சாங்க. நடந்தது மிஷின்லதான். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அரைகுறையாகத் தேய்த்த அதே சட்டை. அம்மாவை அவள் பார்க்கவில்லை. ரத்னாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதில் பயம் பாதி, பெருமை பாதி.

இரண்டு பேரிடமும் வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். நோட்டை நகல் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேனில் இரும்புத் துகள் தெரிகிறதா என்று கேட்டு எழுதுவதாக அதிகாரி சொன்னார். முடிவு வர மாசமாகும். ஷாரோனுக்கு அத்தனை நாள் ஆகவில்லை. பஸ் வல்லம் தாண்டும்போதே போனில் வந்துவிட்டது, நாளையிலிருந்து கேட் பாஸ் கிடையாது என்று. அவள் படித்துப் பார்த்துவிட்டு போனை அம்மாவின் மடியில் வைத்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு வாய் திறந்து, "பசிக்குதும்மா," என்றாள்.

ஊர் வந்து இறங்கியதும், "இன்னிக்கி உலை வெக்க வேணாம், எங்க வூட்லயே துன்னுட்டுப் போங்க," என்று சுபஸ்ரீ ரத்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பரசுராமன் வாசலில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் படியை எடுத்து வேர்க்கடலை அளக்க ஆரம்பித்தார். "இந்த வருஷம் லேட்டாயிடுச்சி நர்சம்மா. பைய குடு."

ரத்னா பையைக் கொடுக்கவில்லை. அதிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தாள். அட்டை பழுத்து, ஓரம் செல்லரித்திருந்தது.

"பரசுராமண்ணே, படிய வெச்சிட்டு இத கேளு. இத்தினி வருஷம் யாரும் கேக்கல. நானும் சொல்லல. கேட்டப்பறம் நீ இன்னா வேணா பேசு."

ஜீவானந்தமும் வந்து தூணோரம் உட்கார்ந்தான். அவள் படித்தாள்.

"மார்ச் இருபத்திரண்டு, தொண்ணூறு. மரகதம், பரசுராமன் மனைவி. குடும்பக்கட்டுப்பாடு கேம்ப் முடிந்து நாலாம் நாள். வயிறு பலகை போல இருக்கிறது. தையலில் சீழ். ஜுரம் நூற்று நாலு. மழை. மாட்டுவண்டியில் ரோடு வரை, பிறகு செங்கல் லாரி. வாலாஜாபாத் தாண்டியதும் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். நினைவோடு பேசினாள். பிள்ளை அழுதானா என்றாள். இல்லை என்றேன். ஜீவாவுக்கு வல்லக்கோட்டையில் மொட்டை போடுவதாக வேண்டியிருக்கிறேன், அவன் அப்பாவிடம் சொல்லிடு என்றாள். காஞ்சிபுரம் போகுமுன் உயிர் போய்விட்டது. ஆபரேஷன் கேஸ் என்று எழுதினால் கேம்ப் நின்றுபோகும் என்று பெரிய டாக்டர் விஷக்காய்ச்சல் என்று எழுதச் சொன்னார். எழுதினேன்."

சாலையில் ஒரு கம்பெனி பஸ் போயிற்று. பரசுராமன் படியை வெறித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காச்சல் இல்ல."

"இல்லண்ணே. கேம்ப்புக்கு இட்டுகினு போனவளே நாந்தான். காச்சல்ல நெனவில்லாம போனான்னு சொன்னதால, அவ பேசுனதயும் சொல்ல முடியாம போச்சி."

"முப்பத்தஞ்சி வருஷம் ஒனக்கு மொதப் படி குடுத்துகினு வந்தேன்."

"வாங்கிகினேண்ணே. ஒவ்வொரு வருஷமும் வேணாம்னு சொல்ல வாய் வர்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அளந்த வேர்க்கடலையைத் திரும்பக் குவியலில் கொட்டினார். சுபஸ்ரீ மாமனாரையும் ரத்னாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ரத்னா நோட்டை மூடிக்கொண்டு எழுந்திருக்கப் போனாள். ஷாரோன் அவள் தோளைப் பிடித்தாள்.

"எங்க போற? குந்து," என்றார் பரசுராமன். "தாயில்லாத புள்ளைக்கி யாரு மொட்ட போடறதுன்னு வுட்டுட்டேன். அவ வேண்டிகினதே எனக்குத் தெரியாது."

ஜீவானந்தத்தின் இடது கை அவனை அறியாமல் தலைமுடிக்குப் போயிற்று.

"அந்த மொட்ட சமாசாரம் எழுதி வெச்சிகீறியே," என்றார் பரசுராமன், "அவ சொன்ன மாதிரியே. அத மட்டும் இன்னொரு தபா படி."

ரத்னா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடினாள்.